பாதிப் பேச்சு

'ரேடியோ ஸ்கேனர் கேட்பது இன்னும் பிரயோஜனமான பொழுதுபோக்குதானா?' என்றொரு கேள்வி, இந்தப் பழக்கம் உள்ளவர்கள் கூடும் இடத்திலெல்லாம் வருஷத்துக்கு நாலு தடவையாவது வந்துவிடுகிறது. கேட்பவர் பெரும்பாலும் அமெரிக்கர், ஐம்பதைத் தாண்டியவர். "எல்லாத்தையும் என்க்ரிப்ட் பண்ணிட்டாங்க, இனி கேக்க ஒண்ணுமில்ல" என்று ஒருவர் அலுத்துக்கொள்வார். "விமானம் இருக்கே, ரயில் இருக்கே" என்று இன்னொருவர் தேற்றுவார். இந்தக் கேள்வியில் 'பிரயோஜனம்' என்ற சொல்லை எளிதில் தாண்டிவிடுகிறேன். இடறுவது 'இன்னும்'தான். நான் இதை எழுதுவது வல்லத்திலிருந்து. தஞ்சாவூர் வல்லம் இல்லை. செஞ்சியிலிருந்து திண்டிவனம் போகும் வழியில் இருக்கும் வல்லம். இங்கே 'இன்னும்' என்று சொல்ல, முன்னால் ஒன்று இருந்திருக்க வேண்டுமே?

ஸ்கேனர் பற்றித் தெரியாதவர்களுக்காக: அதுவும் ஒரு ரேடியோதான். ஆனால் ஒரே நிலையத்தில் நிற்காது. நாம் கொடுத்த அலைவரிசைப் பட்டியலை வினாடிக்குப் பல முறை தாவித்தாவிப் பார்த்து, எங்கே பேச்சு இருக்கிறதோ அங்கே நிற்கும். பேச்சு முடிந்ததும் மறுபடி தாவும். போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ், விமானம், கப்பல், ரயில் என்று வேலைக்காகப் பேசிக்கொள்பவர்களின் குரல்கள் அதில் விழும். அவர்களில் யாரும் நம்மிடம் பேசவில்லை.

அமெரிக்காவில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. டெட்ராய்ட் போலீஸ் 1928-இல் ரோந்து கார்களுக்கு ரேடியோவில் செய்தி அனுப்பத் தொடங்கியது. பத்து வருஷத்தில், 1938-இல், வீஜீ என்ற புகைப்படக்காரர் தன் காரில் போலீஸ் ரேடியோ வைத்துக்கொள்ள நியூயார்க்கில் அனுமதி வாங்கினார். பிணம் சூடு ஆறுவதற்குள் போய்ப் படமெடுத்துவிடுவார். 1945-இல் வந்த அவருடைய 'நேக்கட் சிட்டி' புத்தகத்தின் பின்னால் அந்த ரேடியோவின் கரகரப்பு இருக்கிறது. பின்னாளில் உள்ளூர்ப் பத்திரிகை அலுவலகங்களில் ஸ்கேனர் ஒரு மேஜைச் சாமான் ஆனது. போலீஸ் என்ன செய்கிறது என்பதை அது நடக்கும்போதே கேட்க முடிவது குடிமக்களின் உரிமை போலவே அங்கே பழகிவிட்டது. 2019-இல் டென்வர் போலீஸ் தன் பேச்சு முழுவதையும் மறையாக்கம் செய்தது. 2022-இல் சிகாகோ, அரை மணி நேரம் தாமதித்துத்தான் வெளியே விடுவோம் என்றது. 2023-இல் நியூயார்க்கும் மூட ஆரம்பித்தது. ஆக, அவர்களுடைய 'இன்னும்' ஒரு துக்கச் சொல். கையில் இருந்த ஒன்று போய்விட்டது.

நமக்கு அது கையில் இருந்ததே இல்லை. 1885-ஆம் வருஷத் தந்திச் சட்டம், 1933-ஆம் வருஷ வயர்லெஸ் சட்டம் இரண்டும் வெள்ளைக்காரன் போட்டவை. இரண்டின் மனநிலையும் ஒன்றுதான்: கம்பியும் காற்றும் சர்க்காருடையவை, உனக்கு வேண்டுமென்றால் லைசென்ஸ் வாங்கு. பாட்டுக் கேட்கிற சாதாரண ரேடியோவுக்கே தபாலாபீசில் கட்டணம் கட்டி லைசென்ஸ் புத்தகம் வைத்திருக்க வேண்டியிருந்தது. 1980களின் நடுவில்தான் அது போனது. இப்போது 2023-ஆம் வருஷத் தொலைத்தொடர்புச் சட்டம். சட்டவிரோதமாகச் செய்தியை இடைமறித்தால் மூன்று வருஷம் வரை சிறை, இரண்டு கோடி வரை அபராதம், அல்லது இரண்டும். சர்வதேச ரேடியோ விதிகளிலும், பொதுமக்களுக்கென்று அனுப்பப்படாததைக் கேட்டுப் பரப்புவதற்கு எதிராக ஒரு பிரிவு இருக்கிறது.

சட்டத்தை விடுங்கள். 1991 மே 21-க்குப் பிறகு தமிழ்நாட்டில் 'வயர்லெஸ்' என்ற சொல்லுக்கே வேறொரு வாசனை வந்துவிட்டது. ஸ்ரீபெரும்புதூர் வழக்கில் சங்கேத வயர்லெஸ் செய்திகள் சாட்சியங்களாக வந்தன. பத்திரிகைகளில் அதை வரிவரியாகப் படித்த தலைமுறை எங்கள் பெரியவர்களுடையது. மொட்டைமாடியில் ஒரு கம்பியை நிறுத்தி, லேப்டாப்பில் செருகி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தபோது, காயப் போட்ட மல்லாட்டையை அள்ள வந்த பெரியப்பா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"இன்னாடா தம்பி இது, போலீஸ் மைக்கா?"

"இல்ல பெரியப்பா, பிளேனுங்க பேசுறது."

"அவன் பேசுறத நீ ஏன்டா ஒட்டுக் கேக்குற?"

இந்தப் பொழுதுபோக்கைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் இதைவிடக் கூர்மையானது வேறில்லை. ஆங்கிலத்தில் 'லிசனிங்' என்று சொல்லி நழுவிவிடலாம். தமிழில் முடியாது. நமக்கென்று சொல்லாததைக் கேட்டால் அது ஒட்டுக்கேட்பது; கதவுக்குப் பின்னால் காதை வைத்துக்கொண்டு நிற்பவரின் உருவம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. அரசன் செய்தால் அதற்கு மரியாதை உண்டு. 'ஒற்றாடல்' என்று குறளில் தனி அதிகாரமே இருக்கிறது. சாதாரண ஆள் செய்தால் வம்பு. பெரியப்பாவுக்கு அன்றைக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையை அந்தப் பதிலாக எடுத்துக்கொள்ளலாம். அவர் படிக்கப்போவதில்லை என்ற தைரியம்தான்.

முதலில் என்ன கேட்கிறது என்று சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருப்பது நிஜ ஸ்கேனர் இல்லை. டிஜிட்டல் டிவி பார்ப்பதற்கென்று செய்யப்பட்ட, பென் டிரைவ் அளவுள்ள ஒரு யூஎஸ்பி டாங்கிள். அதற்குள் இருக்கும் ரியல்டெக் சிப், காற்றிலிருந்து எடுப்பதை அப்படியே பச்சையாகக் கம்ப்யூட்டருக்குத் தள்ளவும் செய்யும் என்று 2012 வாக்கில் சிலர் கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து ரேடியோ என்பது பெரும்பாலும் மென்பொருள் ஆகிவிட்டது. காலேஜில் நான் தியரியாக மட்டும் படித்து பாஸான டீமாடுலேஷன் எல்லாம் இங்கே நாலு வரி பைத்தான். அலுவலகத்தில் நாளெல்லாம் நான் எழுதும் நிரல், யாரோ ஒருவரின் கட்டைவிரலைத் திரையில் இன்னும் பத்து வினாடி நிறுத்திவைப்பதற்கானது. அதே மொழியில் எழுதிய இந்த நாலு வரிக்கு நான் ஒருத்தன் இருக்கிறேன் என்பதே தெரியாது. அதில் ஒரு நிம்மதி.

இந்த அலைகள் நேர்க்கோட்டில் போகிறவை. பூமி வளைந்துவிடுவதால் எவ்வளவு தூரம் எட்டும் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை நாலால் பெருக்கினால் கிலோமீட்டர் கிடைக்கும், கொஞ்சம் முன்னே பின்னே. ராஜகிரிக் கோட்டை சுமார் 240 மீட்டர். அதன் உச்சிக்கு அறுபத்துச் சொச்சம் கிலோமீட்டர், ஏறத்தாழ புதுச்சேரி வரை. (1698-இல் முகலாயரிடம் விழுவதற்கு முன் ராஜாராம் ஏழெட்டு வருஷம் அங்கே தாக்குப்பிடித்ததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும். தூசி கிளம்புவதே தெரிந்துவிடும்.) பத்தாயிரம் மீட்டரில் பறக்கும் விமானத்துக்கு 400 கிலோமீட்டர். அதாவது யாழ்ப்பாணத்துக்கு மேலே போகிற விமானமும், பெங்களூரில் இறங்கத் தொடங்குகிற விமானமும் வல்லத்து மாடியில் கேட்கும். ஆனால் சென்னை விமான நிலையத்தின் ஆன்டெனா நேர்க்கோட்டில் நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, தரையோடு தரையாக இருக்கிறது. அந்தக் குரல் எட்டாது. ஆக எனக்குக் கிடைப்பது பாதி உரையாடல். விமானி பேசுவது கேட்கும். அவரிடம் பேசப்படுவது கேட்காது.

இலக்கியம் படிக்கிறவர்களுக்கு இங்கேதான் சுவாரசியம். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் போன் பேசுவதை நாம் பாதியாகக் கேட்கிறோம். மறுபாதியை ஊகித்து ஊகித்து எரிச்சலாகிறோம். விமானியின் பாதி அப்படி இல்லை. கட்டுப்பாட்டு அறை சொன்ன உயரம், திசை, அலைவரிசை எண் எல்லாவற்றையும் விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது விதி. அதனால் கேட்காத பாதி கேட்கிற பாதிக்குள்ளேயே இருக்கிறது. முதல் ஒரு வாரம் வெறும் எண்களாகத் தெரிந்தது. பிறகு ஒரு நாள் முழு நாடகமும் தெரிய ஆரம்பித்தது: மேலே ஏறக் கேட்டவருக்கு அனுமதி கிடைக்கவில்லை, ஏனென்றால் மேலே இன்னொருவர் இருக்கிறார், அந்த இன்னொருவர் இப்போது பேசுகிறார்.

இந்த மொழி இப்படிக் கறாராக ஆனதற்குப் பின்னால் பிணங்கள் இருக்கின்றன. 1977 மார்ச் 27, டெனரீஃப் தீவு. மூடுபனியில் ஓடுபாதையிலேயே இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். கேஎல்எம் விமானி, தான் கிளம்புவதைத் தெளிவில்லாத ஒரு வாக்கியத்தில் சொன்னார். கட்டுப்பாட்டு அறை முதலில் 'ஓகே' என்றது. அடுத்துச் சொன்னதும், அதே நொடியில் பான்ஆம் விமானத்திலிருந்து சொன்னதும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கேஎல்எம் அறையில் ஒரு கீச்சொலியாகக் கேட்டது. விமானப் பேச்சு இன்றுவரை பழைய ஏஎம் முறையில் நடக்கிறது. எஃப்எம் என்றால் வலுவான குரல் மெலிந்த குரலை முழுங்கிவிடும். ஏஎம்மில் இருவர் சேர்ந்து பேசினால் கீச்சொலியாவது வரும். யாரோ இன்னொருவரும் பேசியிருக்கிறார் என்றாவது தெரியும். டெனரீஃபுக்குப் பிறகு, கிளம்ப அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் தவிர 'டேக் ஆஃப்' என்ற சொல்லையே வாயில் எடுக்கக் கூடாது என்று ஆனது. நம் ஊர்க் கதையும் உண்டு: 1996 நவம்பர் 12, ஹரியாணாவில் சர்க்கி தாத்ரிக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதி 349 பேர் இறந்தார்கள். கஜகஸ்தான் விமானக் குழுவுக்கு ஆங்கிலம் சரியாகப் பிடிபடாதது விசாரணையில் முக்கியமாகப் பேசப்பட்டது. ஒரு மொழியில் ஒரு சொல் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பதற்கு இத்தனை துல்லியமான காரணம் வேறெங்கே கிடைக்கும்? தொனிக்கும் குறிப்புக்கும் இடமே கொடுக்காத உரைநடை. சங்கக் கவிதைக்கு நேர் எதிர் முனை.

சுஜாதா பெங்களூர் பெல்லுக்குப் போவதற்கு முன் சிவில் ஏவியேஷன் துறையில் வேலை பார்த்தவர். அவருடைய வசனங்களில் இருக்கும் சிக்கனத்துக்கு இந்தக் காற்று மொழியும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் சொந்த ஊகம். ஆதாரம் கேட்காதீர்கள்.

சரி, பெரியப்பாவின் கேள்வி அப்படியே நிற்கிறது. ஒட்டுக்கேட்டதிலிருந்து கலை செய்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் இதற்குப் பதில் இருக்கிறதா என்று தேடியிருக்கிறேன். ராபின் ரிம்பாட் என்ற பிரிட்டிஷ்காரர் தன் பெயரையே 'ஸ்கேனர்' என்று வைத்துக்கொண்டார். 1990களின் தொடக்கத்தில் செல்போன்கள் மறையாக்கம் இல்லாத அனலாக் போன்கள். ஸ்கேனரில் சிக்கிய அந்நியர்களின் பேச்சுகளை மின்னணு இசையோடு கோத்து ஆல்பங்களாக வெளியிட்டார். காதல், சண்டை, வியாபாரம், இரவில் யாரோ யாரையோ சமாதானம் செய்வது. கேட்டால் மனசைப் பிசையும். விமர்சகர்கள் நகரத்தின் ஆழ்மனம் என்கிற மாதிரியெல்லாம் எழுதினார்கள். எனக்கு அந்த ஆல்பங்கள் பிடிக்கவில்லை. அவற்றின் கனம் முழுக்க அந்த ஆட்களின் அறியாமையிலிருந்து வருகிறது. அவர்கள் நடிக்கவில்லை என்பதுதான் அழகு. அவர்களைக் கேட்கவில்லை என்பதுதான் அதன் விலை. பின்னணியில் மெல்லிய சின்த் ஒலியை ஓடவிட்டால் அந்த விலை கட்டப்பட்டுவிடாது.

அதே காலத்து இன்னொரு சம்பவம். 1996 டிசம்பரில் ஃப்ளோரிடாவில் ஒரு தம்பதி, காரில் இருந்த ஸ்கேனரில் சிக்கிய செல்போன் பேச்சை டேப்பில் பிடித்தார்கள். பேசியவர்களில் ஒருவர் அன்றைய அமெரிக்கக் கீழவைச் சபாநாயகர் நியூட் கிங்ரிச். டேப் கைமாறி நியூயார்க் டைம்ஸில் வந்தது. தம்பதிக்கு ஆளுக்கு 500 டாலர் அபராதம். செல்போன் அலைவரிசைகளை எடுக்கும் ஸ்கேனர்களை விற்கக் கூடாது என்று 1994-லேயே அங்கே தடை வந்திருந்தது. பழைய கருவிகள் மக்கள் கையில் இருந்தன. அரசியல் தலைவரின் திட்டம் வெளியே வருவதும் தெரு முனைக் காதலர்களின் சண்டை வெளியே வருவதும் ஒன்றா? ஒன்றில்லை என்பேன். ஆனால் கருவிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ஸ்கேனர் பேச்சு இருக்கும் இடத்தில் நிற்கும், அவ்வளவுதான்.

இதற்கு எதிர்முனையில் 'தி கானட் புராஜெக்ட்'. 1997-இல் லண்டனின் இர்டியல் வெளியிட்ட நாலு சிடிகள். சிற்றலையில் பல பத்தாண்டுகளாக ஒலித்துவந்த 'எண் நிலையங்களின்' பதிவுகள்: ஒரு பெண் குரல், அல்லது குழந்தைக் குரல், எண்களை மட்டும் வாசித்துக்கொண்டே இருக்கும். எங்கோ இருக்கும் ஓர் ஒற்றருக்கான செய்தி என்பது பொதுவான புரிதல். சாவி இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது. வில்கோ என்ற ராக் குழு அதிலிருந்து ஒரு குரலை எடுத்து 2002 ஆல்பத்தில் போட்டது. அந்தக் குரல் திரும்பத் திரும்பச் சொல்லும் மூன்று சொற்கள், 'யாங்கி ஹோட்டல் ஃபாக்ஸ்ட்ராட்', ஆல்பத்தின் பெயரே ஆனது. வழக்கு, சமரசம் எல்லாம் நடந்தது. வேடிக்கை என்னவென்றால், எண் நிலையங்களில் யாருடைய அந்தரங்கமும் இல்லை, ஆனால் அந்தரங்கத்தின் முழு வடிவமும் இருக்கிறது. உலகம் பூராவும் கேட்கும்படி ஒரே ஒருவரிடம் பேசுவது. அதைக் கேட்கும்போது 'இது எனக்கில்லை' என்ற உணர்வு கெட்டியாக நிற்கிறது, கூடவே கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. ரிம்பாட் இந்த உணர்வை அழித்துவிடுகிறார். அவருடைய ஆல்பத்தில் எல்லாப் பேச்சும் கேட்பவனுக்கு விருந்தாகிவிடுகிறது.

இதை வைத்துத்தான் எனக்கென்று ஒரு கோடு போட்டுக்கொண்டேன். வேலைமொழியைக் கேட்கலாம், வீட்டுமொழியைக் கேட்கக் கூடாது. பதிவு செய்வதில்லை. கேட்டதை யாரிடமும் சொல்வதில்லை. போலீஸ் பக்கம் போவதில்லை. நம் சட்டத்தை எழுத்துக்கு எழுத்து வைத்துப் பார்த்தால் விமானப் பேச்சுக்கும் எனக்கு யாரும் அனுமதிச் சீட்டு தரவில்லை. பிரிட்டனில் அதைக் கேட்பதே குற்றம், அமெரிக்காவில் நேரலையாக இணையத்தில் போடுகிறார்கள். இதைப் படித்துவிட்டு டாங்கிள் வாங்குகிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். முழுக்கச் சட்டத்துக்குள் இருக்க வேண்டுமென்றால், தேர்வு எழுதி அமெச்சூர் லைசென்ஸ் வாங்கி ஹாம் அலைவரிசைகளுக்குப் போகலாம். அங்கே யாரும் பேசலாம், யாரும் கேட்கலாம்.

"நமக்கு ரேடியோ மரபே இல்லையா என்ன? சிற்றலைக்காரர்கள் இருந்தார்களே?" என்று இந்நேரம் யாராவது கேட்டிருப்பீர்கள். இருந்தார்கள், இருக்கிறார்கள். சென்னையில் ஆர்டிக் டிஎக்ஸ் கிளப் தமிழிலேயே 'சர்வதேச வானொலி' என்று இதழ் நடத்தியது. தபால் அட்டையில் சிக்னல் தரம் எழுதிப் பெய்ஜிங்குக்கும் மணிலாவுக்கும் அனுப்பி, பதிலுக்கு வந்த வண்ண அட்டைகளைச் சேர்த்தவர்கள் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஏராளம். ஆனால் அது வேறு காது. பிபிசி தமிழோசை 1941-இலிருந்து நம்மிடம்தான் பேசியது. இரவில் டிரான்சிஸ்டரைத் திருகியவர் அழையா விருந்தாளி இல்லை. அவருக்காகத்தான் லண்டனில் ஒருவர் மைக் முன் உட்கார்ந்திருந்தார். 2017 ஏப்ரல் 30-ஆம் தேதி அந்தச் சிற்றலை நின்றபோது போனது ஓர் உறவு. ஸ்கேனரில் உறவே கிடையாது. இரண்டையும் ஒரே ஏக்கத்தில் கரைத்து 'அந்தக் காலத்து ரேடியோ' என்று எழுதும் கட்டுரைகள் எனக்கு ஒப்புவதில்லை.

இந்தப் பழக்கத்தின் மேல் எனக்கிருந்த மயக்கம் கொஞ்சம் தெளிந்தது ஃபெஞ்சல் புயல் இரவில். 2024 நவம்பர் 30, சனிக்கிழமை. ஊருக்கு வந்திருந்தேன். புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியது; எங்களுக்குப் பக்கத்து மயிலத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை. கரண்ட் போனது. கொஞ்ச நேரத்தில் போனில் சிக்னலும் போனது. லேப்டாப்பில் சார்ஜ் இருந்தது. ஆன்டெனாவை ஜன்னலுக்குள் இழுத்துக் கட்டிவிட்டுக் கேட்டேன். சென்னை விமான நிலையம் அன்று மதியத்திலிருந்து மறுநாள் விடிகாலை வரை மூடியிருந்தது. வழக்கமாகச் சளசளவென்று இருக்கும் இறங்குபவர்களின் அலைவரிசைகள் வெறிச்சென்று கிடந்தன. வெகு உயரத்தில், மேகத்துக்கும் மேலே, எங்கிருந்தோ எங்கோ போகிறவர்கள் மட்டும் அமைதியாக எண்களைச் சொல்லிக்கொண்டு கடந்தார்கள்.

அம்மா கேட்டாள்: "இன்னாப்பா சொல்றாங்க? மழை விடுமாமா?"

அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமே இல்லை. ஏரி உடைந்ததா, திண்டிவனம் ரோடு இருக்கிறதா, மாமா வீட்டுப் பக்கம் தண்ணீர் ஏறிவிட்டதா, எதுவும் தெரியாது. பக்கத்து வீட்டு பேட்டரி ரேடியோவில் ஓடிய ஆகாசவாணிச் செய்தி என் இத்தனை மென்பொருளையும்விட உபயோகமாக இருந்தது. அந்தத் தகவல்களெல்லாம் அதே நேரத்தில், அதே காற்றில் நிச்சயம் போய்க்கொண்டிருந்தன. எந்தப் பாலத்தில் யாரையும் விடாதே, எந்த ஊரில் ஆட்களை வெளியேற்று என்று வயர்லெஸ்ஸில் பேசாமலா இருந்திருப்பார்கள்? தேடியிருந்தால் சிக்கியிருக்கலாம். கர்சரை அந்தப் பக்கம் கொண்டுபோகவில்லை. சட்ட பயமா, நான் போட்ட கோடா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அமெரிக்கக்காரன் இங்கேதான் 'பார், இதற்குத்தான் போலீஸ் அலைவரிசை திறந்திருக்க வேண்டும்' என்பான். அவன் வாதத்தில் நியாயம் இருக்கிறது. போலீஸைக் கண்காணிக்க வேண்டும் என்பதற்கு அது நல்ல வாதமும்கூட. புயல் இரவில் எனக்குத் தேவைப்பட்டது வேறு. ஒட்டுக்கேட்கும் உரிமை கிடைத்திருந்தால்கூட டாங்கிள் இருக்கும் ஒருவனுக்குத்தான் தெரிந்திருக்கும். அம்மாவிடம், பெரியப்பாவிடம் நேராகச் சொல்லும் ஒரு குரல் வேண்டும். அமெரிக்காவிலேயே அதற்குத் தனி ஏற்பாடு உண்டு: 162 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் ஏழு அலைவரிசைகளில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு நிலையங்கள் அந்தந்த வட்டாரத்தின் வானிலையையும் எச்சரிக்கையையும் மட்டுமே நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கும். நமக்கு வருபவை பெரும்பாலும் செல்போன் கோபுரம் உயிரோடிருந்தால்தான் வரும். ராஜகிரி மேல் ஒரு சிறிய எஃப்எம் கம்பம் நின்றால் வல்லம், மேல்மலையனூர், திண்டிவனம் எல்லாம் கேட்கும் என்று அந்தப் பழைய வர்க்கமூலக் கணக்கே சொல்கிறது. (2025-இல் செஞ்சி யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டதால் கோட்டை மேல் கம்பம் நட முடியாது. வேறு குன்றா இல்லை நம்மிடம்?)

கேட்பவர்கள் பேசுகிறவர்களாக மாறிய உதாரணம் நம் கடலிலேயே இருக்கிறது. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம் ரேடியோக்காரரும் அவர் குழுவும் போர்ட் பிளேருக்குப் போயிருந்தார்கள். பல வருஷங்களாக ஹாம் ஒலிக்காத தீவு அது. உலகம் முழுக்க இருக்கும் பொழுதுபோக்குக்காரர்கள் தங்கள் நோட்டில் அந்தமானைக் குறித்துக்கொள்ள வேண்டும், அதற்காகத்தான் பயணம். 26-ஆம் தேதி காலை சுனாமி. தொலைபேசிகள் விழுந்தன. கணக்குச் சேர்ப்பதற்காக வைத்த அதே கருவியில், தீவுகளில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்ற செய்தியைப் பெருநிலத்துக்கு அனுப்பத் தொடங்கினார்கள். முந்தின நாள் வரை அது வீண் வேலை என்று யாராவது சொல்லியிருந்தால் மறுக்க முடிந்திருக்காது.

இதை வைத்து 'ஆகவே ஸ்கேனரும் ஒரு நாள் உயிர் காக்கும்' என்று நான் சொல்லவரவில்லை. ஹாம் வேறு, ஸ்கேனர் வேறு. ஹாமில் வாய் உண்டு.

அலுவலக நண்பன் ஒருவன் கேட்டான்: "எந்த பிளேன் எங்க போகுதுன்னு ஆப்ல வருதே, இதுக்கு எதுக்குடா மொட்டைமாடி?" ஆப்பில் வருவதும் என்னைப் போன்ற ஆயிரக்கணக்கானவர்கள் தங்கள் மாடிகளில் 1090 மெகாஹெர்ட்ஸில் பிடித்து இலவசமாக ஏற்றிவிடும் தகவல்தான் என்பது அவனுக்குத் தெரியாது. அதைச் சொன்னபோது நம்பவில்லை. எல்லாம் ஏதோ கம்பெனியின் சர்வரிலிருந்து முளைக்கிறது என்றே நினைத்திருந்தான். மென்பொருள் எழுதுகிற நாங்களே இப்படி என்றால் என்னத்தைச் சொல்ல.

குறைந்துகொண்டுதான் வருகிறது, அதையும் மறைக்க வேண்டாம். என்னைப் போன்றவர்கள் முதன்முதலில் பிடிப்பது அமெரிக்க நோவா வானிலைச் செயற்கைக்கோள்களைத்தான். 137 மெகாஹெர்ட்ஸில் டிக்-டாக் என்று கடிகாரம் போல ஒலிக்கும். அந்த ஒலியை வரிவரியாகப் படமாக்கினால் இலங்கையும் வங்காள விரிகுடாவும் மேகமும் தெரியும். என் மாடிக்கு மேலே கடக்கும் பொருள், அது அப்போது பார்ப்பதை எனக்கும் காட்டுகிறது. கேட்க யாரிடமும் அனுமதி தேவையில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்றே அனுப்பினார்கள். மிச்சமிருந்த மூன்றையும், 15, 18, 19, ஒன்றன்பின் ஒன்றாக 2025 ஜூனுக்கும் ஆகஸ்டுக்கும் இடையில் நிறுத்திவிட்டார்கள். 15-ஆம் எண் 1998-இல் ஏவியது. அதன் படத்தில் கடைசிக் காலத்தில் கோடுகள் விழ ஆரம்பித்திருந்தன.

ரஷ்யாவின் மீட்டியார் செயற்கைக்கோள்கள் அதே 137 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் டிஜிட்டலாக அனுப்புகின்றன. படம் இன்னும் தெளிவு. ஆன்டெனாவுக்குப் பெரிய செலவில்லை. 53 சென்டிமீட்டரில் இரண்டு அலுமினியக் கம்பி, நடுவில் 120 டிகிரி கோணம், தரைக்குக் கிடைமட்டமாக, 'V'யின் அச்சு வடக்கு தெற்காக. பழைய டிவி ஆன்டெனா உடைசலில் தாராளமாகக் கிடைக்கும். மல்லாட்டை காயும் நாளில் மட்டும் மாடியில் இடம் கிடைக்காது.